ஜிடி86-க்குப் பெரிய வீல் மாட்டுவதற்கு முன்

டொயோட்டா ஜிடி86 வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது வீலில்தான். 2012-ல் வந்தபோது கம்பெனி போட்டுக் கொடுத்தது 17 இன்ச் ரிம், 7 இன்ச் அகலம், 215/45/17 டயர், அதுவும் பிரியஸுக்குப் போகிற அதே மிஷெலின் பிரைமசி வகை. வண்டி வளைவில் கொஞ்சம் வால் வீசட்டும் என்று வேண்டுமென்றே கொடுத்த டயர் அது. இருந்தாலும் மட்கார்டுக்குள் ரிம் ஒடுங்கி நிற்பதைப் பார்த்தால் கை துறுதுறுக்கத்தான் செய்யும். மாற்றுங்கள், தப்பில்லை. பதினெட்டா பத்தொன்பதா என்பதை மட்டும் முதல் கேள்வியாக வைக்காதீர்கள், உரசுவதும் உரசாததும் பெரும்பாலும் அகலத்திலும் ஆஃப்செட்டிலும்தான் இருக்கிறது.

விட்டம் பற்றி ஒரு கணக்கு போதும். 215/45/17 என்றால் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், ரிம் 17 இன்ச். இந்த டயரின் மொத்த உயரம் சுமார் 625 மி.மீ. இதிலிருந்து இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 225/40/18 போட்டால் 637, ஏறக்குறைய எல்லையிலேயே நிற்கிறது. 245/40/17 போட்டால் 628. டயர் உயரம் கூடினால் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டப் பார்க்கும், கியரும் நீண்டுபோன மாதிரி இழுவை மந்தமாகும். 19 இன்ச்சுக்குப் போனால் பக்கச்சுவர் 80 மி.மீ.கூட மிஞ்சாது, ஒரு நல்ல குழியில் விழுந்தால் ரிம் வளைந்துவிடும். என்னைக் கேட்டால் பார்வைக்கு 18, ஓட்டுவதற்கு அகலமான 17.

இப்போது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பாகம்) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் பெரிதாக இருந்தால் வீல் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும். ஒரிஜினல் ரிம்முக்கு 48. நீங்கள் எட்டரை இன்ச் அகலத்தில் ஆஃப்செட் 45 ரிம் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள்: பாதி அகலம் 108 மி.மீ., அதோடு 45 கூட்டினால் உள்பக்கம் 153, கழித்தால் வெளிப்பக்கம் 63. பழைய ரிம்முக்கு இதே கணக்கு 137, 41. ஆக உள்ளே 16 மி.மீ., வெளியே 22 மி.மீ. கூடுகிறது. கடைக்காரர் "எல்லாம் உக்காரும் சார்" என்று சொல்வதைவிட இந்த இரண்டு எண்ணை நம்புங்கள்.

உள்ளே கூடும் 16 மி.மீ. முன் சக்கரத்தில் ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணை, நோக்கிப் போகிறது. இந்த வண்டியில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், சக்கரமும் ஸ்ட்ரட்டும் சேர்ந்தே ஏறி இறங்கும், சேர்ந்தே திரும்பும், அதனால் வண்டியைத் தூக்கி நிறுத்தியபடியே அந்த இடைவெளியை அளந்துவிடலாம், ஓடும்போதும் அது பெரிதாக மாறாது. டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 5 மி.மீ. இருந்தால் நிம்மதி. அப்புறம் ஒரு விஷயம், சக்கரத்தின் சாய்வை மாற்றும் கேம்பர் போல்ட் போட்டு நெகட்டிவ் கேம்பர் (மேல்பகுதி உள்ளே சாய்வது) கூட்டினால் டயரின் மேல்பகுதி ஸ்ட்ரட்டை இன்னும் நெருங்கும், அதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

ரிம் வாங்கும்போது 5 போல்ட், பிசிடி (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ. என்று பார்த்தால் மட்டும் போதாது. ஜிடி86-ன் பல பாகங்கள் சுபாருவுடையவை, ரிம்மின் நடுத்துளை 56.1 மி.மீ., நட் எம்12-ல் (12 மி.மீ. விட்டம்) 1.25 மி.மீ. மரை. வழக்கமான டொயோட்டா நட் 1.5 மரை. அதை மாட்டினால் ரெண்டு சுற்று போன மாதிரி தெரியும், வலுக்கட்டாயமாக முறுக்கினால் நட் ஏறும் ஸ்டட்டின் மரை போய்விடும். ரிம்மின் நடுத்துளை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடுங்கள், இல்லையென்றால் வீல் நடுவில் உட்காராமல் ஹைவேயில் ஸ்டியரிங் நடுங்கும், எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் போகாது.

நாலு ரிம்முக்கும் டயர் ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு ரிம்மில் மட்டும் ஏற்றிக்கொண்டு வாருங்கள், உரசிவிட்டால் திருப்பிக் கொடுக்க அதுதான் வசதி. ஹப் முகத்தில் இருக்கும் துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு முன்பக்கம் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, பம்பரும் மட்கார்டும் சேரும் இடத்தையும் பிளாஸ்டிக் லைனரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு அதே வீலைப் பின்பக்கம் மாட்டி, மட்கார்டின் உள் விளிம்பில் சாக்பீஸ் தடவி, பின்சீட்டில் ஆளை ஏற்றி மெதுவாக ஸ்பீடு பிரேக்கரில் இறக்குங்கள். சாக்பீஸ் அழிந்திருந்தால் அங்கே உரசுகிறது. விளிம்பை உள்ளே மடிக்கலாம், பெயின்ட்டை ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டுதான் மடிக்க வேண்டும், பச்சையாக மடித்தால் வெடித்து உதிரும்.

டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் சுமைக் குறியீடு ஒரிஜினலில் 87. அதற்குக் கீழே வாங்காதீர்கள். எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும்) டயர் என்றால் அதே சுமைக்குக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். காற்றழுத்த சென்சார் இருக்கும் வண்டியில் அதையும் புது ரிம்முக்கு மாற்றச் சொல்லுங்கள்.

நட்டை நட்சத்திர வரிசையில், டார்க் ரென்ச் வைத்து 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். ஏர் கன்னால் அடித்துவிட்டுப் போக விடாதீர்கள். வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை நட்டைச் சரிபாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் போட்டுவிடுங்கள். பழைய ரிம்மை விற்க வேண்டாம். ஜப்பானில் ரிம் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் வாகன ஆய்வில் தேறாது, ஜெர்மனியில் ரிம்முக்கு உரிய சான்றிதழ் கேட்பார்கள், உங்கள் ஊரிலும் அப்படி ஒரு ஆய்வு நாள் வரும்போது அந்தப் பழைய செட்டு கையில் இருந்தால் வேலை சுலபம்.