அதிவேக லைனா? கீழே இருக்கும் கிரவுண்டைப் பாருங்கள்

சர்க்யூட் போர்டில் (PCB) இரண்டு சிப்புகளுக்கு இடையே அதிவேக சிக்னல் லைன் இழுக்கும்போது டிரேஸை, அதாவது போர்டில் ஓடும் செம்புக் கோட்டைத்தான் பார்க்கிறோம். திரும்பி வரும் மின்னோட்டத்தை மறந்துவிடுகிறோம். அதிக அதிர்வெண்ணில் அது டிரேஸுக்கு நேர் கீழே, கிரவுண்ட் தளத்தில் (கிரவுண்டாக விரிந்திருக்கும் செம்புப் பரப்பில்) ஒட்டிக்கொண்டே ஓடும். அங்கே ஒரு பிளவு இருந்தால் சுற்றி வளைத்துப் போகும், பக்கத்து லைன்களிலும் இரைச்சலைக் கிளப்பும். அதனால் பிளவின் மேல் லைனைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு கிரவுண்ட் தளத்தை விட்டு இன்னொன்றுக்கு லேயர் மாறும்போது, சிக்னல் வயாவை (லேயர்களை இணைக்கும் செம்பு பூசிய துளையை) ஒட்டியே ஒரு கிரவுண்ட் வயா போடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்புறம் பக்கத்துப் பக்கத்து டிரேஸ்களுக்கு நடுவே இடைவெளி. மையத்திலிருந்து மையத்துக்கு டிரேஸ் அகலத்தைப் போல 3 மடங்கு நல்ல தொடக்கம். இடமில்லையா, சரி, கிரவுண்ட் தளத்தை டிரேஸுக்கு இன்னும் அருகில் கொண்டுவாருங்கள். கிராஸ்டாக், அதாவது ஒரு லைனின் சிக்னல் பக்கத்து லைனில் கசிவது, நன்றாகவே குறையும். ஆனால் இம்பீடன்ஸும் (சிக்னலுக்கு லைன் காட்டும் மின்மறுப்பு) இறங்கும், டிரேஸ் அகலத்தை மறுபடி கணக்கிட வேண்டும்.