கான்கிரீட் ஸ்லாப்களுக்கு நடுவே செயற்கைப் புல்: நாலு இன்ச் இடைவெளியை நாமே நிரப்பலாம்

எங்கள் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே, இரண்டடிக்கு இரண்டடி கான்கிரீட் ஸ்லாப்கள் பன்னிரண்டு கிடக்கின்றன. ஸ்லாப்புக்கு ஸ்லாப் நாலு இன்ச் இடைவெளி. போட்ட புதிதில் அந்த இடைவெளிகளில் கொரியன் புல் நட்டோம். ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து மனையில் இரண்டு மாடி எழும்பியதும் வெயில் போயிற்று, புல்லும் போயிற்று. மிஞ்சியது சேறும் கோரையும்.

நிழலில் புல் சாவது புதுக்கதை இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட விளையாட்டரங்கத்தை 1965இல் திறந்தார்கள். ஒளி ஊடுருவும் கூரை. அண்ணாந்தால் கண் கூசுகிறது, பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் புகார் சொன்னார்கள். கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள். உள்ளே இருந்த நிஜப் புல் செத்தது. அதற்குப் பதிலாக 1966இல் விரித்த நைலான் புல்லுக்குத்தான் ஆஸ்ட்ரோடர்ஃப் என்று பெயர் வந்தது. எங்கள் பின்கட்டுக்கும் அதே வைத்தியம்தான். உங்கள் வீட்டில் வெயில் நன்றாக விழுகிறது, தண்ணீரும் இருக்கிறது என்றால் நிஜப் புல்லையே வையுங்கள். பிளாஸ்டிக் இரண்டாம் பட்சம்தான்.

இந்த வேலையை நான் இரண்டு தடவை செய்தேன். முதல் தடவை மண்ணைக் கொஞ்சம் தட்டிவிட்டு, புல்லை வைத்து, ஆணி அடித்தேன். அரை நாளில் முடிந்தது. ஐப்பசி மழை இரண்டு வாரம் பெய்ததும் அங்கங்கே குழி விழுந்தது. கோரை முளை புல்லின் அடித்துணியைக் குத்திக்கொண்டு எட்டிப் பார்த்தது. கீழே சொல்வது இரண்டாம் தடவை செய்தது. இதற்கு இரண்டு வார இறுதிகள் வேண்டும், பெரும்பாடு மண்ணோடுதான்.

1. கடைக்குப் போகும் முன் காகிதம்

முதலில் அளவு. என் கணக்கையே சொல்கிறேன். மூன்று ஸ்லாப் அகலம், நாலு ஸ்லாப் நீளம். நீளவாக்கில் இடைவெளி இரண்டு, ஒவ்வொன்றும் 9 அடி (நாலு ஸ்லாப்புக்கு 8 அடி, நடுவே மூன்று இடைவெளிக்கு 1 அடி). குறுக்கே மூன்று வரிசை, வரிசைக்கு 2 அடித் துண்டு மூன்று. ஆக 18 அடியும் 18 அடியும் 36 அடி. அகலம் நாலு இன்ச் என்பதால் மொத்தம் 12 சதுர அடி.

புல் பெரும்பாலும் 2 மீட்டர் அகல ரோலாக வருகிறது, அதாவது ஆறரை அடி. கேட்ட நீளத்துக்கு வெட்டித் தருவார்கள், ஆனால் முழு அகலத்துக்கும் காசு. 9 அடிப் பட்டை ஒரே துண்டாகத்தான் வேண்டும் என்று நின்றால் 9 அடி வெட்ட வேண்டும். 58 சதுர அடிக்கு மேல் போய்விடும். 12 சதுர அடி வேலைக்கு இது அநியாயம். 9 அடியை மூன்றடித் துண்டு மூன்றாகப் பிரித்துவிட்டால் ரோலில் 3 அடி போதும், 20 சதுர அடிக்குள் முடிந்தது. நீளப் பட்டைகள் ஆறும் அந்தத் துண்டின் 24 இன்ச் அகலத்தில் அடங்கிவிடும். மிச்சமிருக்கும் 54 இன்ச்சில் குறுக்குத் துண்டுகள் ஒன்பதும் வரும். கை தவறினால் மாற்றுவதற்கும் மிஞ்சும்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் ஒரு விஷயம்தான் முதல் தடவை என் காலை வாரியது. செயற்கைப் புல்லுக்குச் சாய்வு உண்டு; இழைகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்திருக்கும். கையால் தடவிப் பார்த்தால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் குத்தும். நீளப் பட்டையை ஒரு வாக்கிலும் குறுக்குத் துண்டை இன்னொரு வாக்கிலும் வெட்டினால், ஒரே ரோல்தான் என்றாலும் இரண்டு பச்சையாகத் தெரியும். அதனால் நீளப் பட்டைகளை ரோலின் நீளவாக்கிலும், குறுக்குத் துண்டுகளின் இரண்டடியை ரோலின் அகலவாக்கிலும் வெட்ட வேண்டும். பதித்த பிறகு எல்லா இழையும் ஒரே திசையில் சாயும்.

புல்லின் உயரம் 35 மி.மீ. எடுத்தேன். 20, 25 மி.மீ. வகைகள் இந்தச் சின்ன இடைவெளியில் மிதியடி மாதிரி தெரிகின்றன. வாங்கும்போது திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடித்துணியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்க வேண்டும்.

2. தோண்டுவது

என் ஸ்லாப் 3 இன்ச் கனம், அதனால் 3 இன்ச் ஆழம் தோண்டினேன். ஸ்லாப்பின் அடிமட்டத்துக்குக் கீழே போகாதீர்கள். அடியில் இருக்கும் மண் சரிந்து ஸ்லாப் ஆட ஆரம்பிக்கும். நாலு இன்ச் சந்தில் மண்வெட்டி நுழையாது. களைக்கொத்தும் கொத்தனார் கரண்டியும்தான் ஆயுதம். குனிந்தே செய்கிற வேலை, ஒரு பழைய தலையணையை முட்டிக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோரை இருந்தால் இங்கே பொறுமை வேண்டும். மேலே தெரியும் இலையைப் பிடுங்கினால் அதற்கு முடி வெட்டிவிட்ட மாதிரிதான். கீழே கிழங்குகள் மெல்லிய வேரில் மணி கோத்ததுபோல் தொடர்ந்து போகும். முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டு ஊற வைத்தால், மறுநாள் காலையில் கிழங்கோடு வரும். தோண்டி முடித்ததும் அவசரப்படாமல் ஒரு வாரம் சும்மா விட்டேன். ஏழெட்டு இடத்தில் மறுபடி முளை தெரிந்தது. அந்த இடங்களை மட்டும் இன்னொரு முறை கிளறி எடுத்தேன். கல் உப்பைக் கொட்டினால் கோரை செத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். உப்பு மண்ணையும் கெடுக்கும், கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்தால் அதையும் அரிக்கும்.

3. அடித்தளம்

இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். நர்சரியிலும் விவசாயப் பொருள் கடையிலும் கறுப்பாக, நெய்தது போல ‘வீட் மேட்’ என்று ஒரு துணி கிடைக்கும். களையைத் தடுக்கும், தண்ணீரை விடும். அதை 8 இன்ச் அகலத்துக்கு வெட்டி, பள்ளத்தில் தொட்டி போல வையுங்கள்: அடியில் நாலு இன்ச், இரு பக்கமும் இரண்டிரண்டு இன்ச் மேலேறி நிற்கட்டும். பாலித்தீன் தாளைப் போட்டுவிடாதீர்கள். தண்ணீர் தேங்கும், கொசு வரும்.

அதற்கு மேல் 6 மி.மீ. சிப்ஸ் ஜல்லி ஒன்றரை இன்ச், அதன் மேல் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) அரை இன்ச். மொத்தம் இரண்டு இன்ச் கனம். அழுந்துவதற்கும் சேர்த்து என் 12 சதுர அடிக்கு ஜல்லியும் மணலுமாக இரண்டு சிமென்ட் மூட்டை கொள்ளளவு தேவைப்பட்டது. ஜல்லியை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடியுங்கள். திமிசுக் கட்டை சந்துக்குள் போகாது. மூன்று இன்ச் பருமனுள்ள சவுக்குக் கட்டை ஒன்று போதும். குதிகாலால் அழுத்தினால் பதியக் கூடாது, அதுவரை இடிக்க வேண்டும்.

உயரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, இரு பக்கமும் ஸ்லாப்பின் மேல் உட்காரும்படி காது வைத்து, நடுப்பகுதி சரியாக 25 மி.மீ. கீழே தொங்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். அதை ஸ்லாப் மேல் வைத்து இழுத்துக்கொண்டே போனால் மணல் தானாக மட்டமாகும். ஏன் 25? புல் 35 மி.மீ., அப்போது ஸ்லாப்புக்கு மேலே 10 மி.மீ. மட்டும் நிற்கும். இன்னும் ஆழமாகப் போனால் வாய்க்கால் மாதிரி இருக்கும். மேலே ஏறினால் அடித்துணி விளிம்பு கால் விரலில் இடறும்.

மூடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். சில நிமிடத்தில் இறங்கிவிட்டால் சரி. குளம் கட்டினால் அந்த இடத்தில் கீழே களிமண் இருக்கிறது என்று அர்த்தம். கடப்பாரையால் நாலு குழி குத்தி ஜல்லி நிரப்புங்கள்.

4. வெட்டுவது

ரோலில் சுருண்டே கிடந்த புல் அடங்காது. இரண்டு மணி நேரம் வெயிலில் விரித்து வையுங்கள். அப்புறம் குப்புறப் போட்டு, முதல் வேலையாகச் சாய்வு எந்தப் பக்கம் என்று வெட்டப்போகும் ஒவ்வொரு துண்டின் முதுகிலும் மார்க்கரால் அம்புக்குறி போடுங்கள். வெட்டிய பிறகு போட்டால் பாதி தப்பாகும்.

எல்லா இடைவெளியும் நாலு இன்ச் என்று நம்பாதீர்கள். என்னுடையதில் ஒரு முனை மூன்றே முக்கால், மறுமுனை நாலேகால். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று இடத்தில் அளந்து, துண்டுக்கும் இடத்துக்கும் ஒரே எண் போட்டுவிடுங்கள்.

பின்பக்கம் பார்த்தால் தையல் வரிசைகள் தெரியும். நீளப் பட்டைகளை இரண்டு வரிசைக்கு நடுவே வெட்ட வேண்டும். வரிசைகள் நாம் கேட்ட அளவில் இருக்காது. குறைவதைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடுதலாக இருப்பது மேல், அழுத்தினால் இறுக்கமாக உட்காரும். கட்டர் பிளேடை அடித்துணி அறுபடும் அளவுக்கு மட்டும் வெளியே தள்ளுங்கள். ஆழமாக இழுத்தால் அடியில் இருக்கும் இழைகளும் வெட்டுப்பட்டு, கரையோரம் மொட்டையாகும். மழுங்கிய பிளேடு துணியைப் பிய்க்கும். நான் ஐந்து பிளேடு மாற்றினேன்.

குறுக்குத் துண்டுகளில் ஒரு தொல்லை. அவற்றின் நீள ஓரம் தையல் வரிசைகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது, அதனால் ஓர இழைகள் கொத்துக் கொத்தாக உதிரும். வெட்டியவுடன் முதுகில் ஓரத்தை ஒட்டி, நீர் தாங்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பசையை மெல்லிய கோடாக இழுத்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். அப்புறம் உதிராது.

5. பதிப்பது

ஆணி அடிக்கும் முன் எல்லாத் துண்டையும் இடத்தில் வைத்து, பின்வாசலில் போய் நின்று பாருங்கள். எங்காவது நிறம் மாறித் தெரிந்தால் அந்தத் துண்டு திரும்பிக் கிடக்கிறது.

நீளப் பட்டைகள் முதலில், குறுக்குத் துண்டுகள் பிறகு. நாலு இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) ஆணியை இடம் வலமாக மாற்றி மாற்றி, முக்கால் அடிக்கு ஒன்று அடித்தேன். மூட்டு வரும் இடங்களில் இரு பக்கமும் ஆணி வேண்டும். அடியில் ஒரு சாண் வீட் மேட் துண்டை வைத்துப் பசை தடவினால் மூட்டு பிரியாது. ஆணி இறங்கும் இடத்தில் இழைகளை விரலால் விலக்கிப் பிடியுங்கள், இல்லையென்றால் ஆணித் தலைக்குக் கீழே மாட்டி அங்கே ஒரு சுழி விழும். தலை அடித்துணியைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

6. மணல் தூவுவது

காய்ந்த சிலிக்கா மணல் சதுர மீட்டருக்கு 5 முதல் 7 கிலோ. எனக்கு ஏழு கிலோ ஆனது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, சாய்வுக்கு எதிர்ப்பக்கமாக ஈர்க்குமாறால் பெருக்குங்கள். மணல் அடியில் இறங்கி இழைகளை நிமிர்த்திப் பிடிக்கும். கடற்கரை மணல் இலவசம்தான், ஆனால் உப்பு. ஈர மணல் இறங்கவே இறங்காது.

பிறகு பார்த்துக்கொள்வது

வாரம் ஒருமுறை அதே ஈர்க்குமாறு போதும். வெயில் படும் இடமானால் சித்திரையில் இது காலைச் சுடும், நிஜப் புல்லைவிட அதிகமாகவே. நடப்பதற்கு முன் தண்ணீர் தெளியுங்கள். எதிர் வீட்டுக் கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் இழை உருகவும் செய்யும். கோலத்தை ஸ்லாப்புக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு இழைக்குள் போனால் எறும்புக்கு வருஷம் முழுக்க விருந்து. ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டு புல்லில் இறங்கினால் ஒரே நாளில் ஓட்டை. கார் சக்கரம் நின்ற இடத்திலேயே திரும்பும் இடமாக இருந்தால் இந்த வேலையையே செய்யாதீர்கள், பட்டை சுருண்டு வந்துவிடும்.

கார்த்திகை அகல் விளக்கையும் ஸ்லாப்பின் நடுவில்தான் வைக்க வேண்டும். பட்டாசுக்கு என்ன சொன்னாலும் பிள்ளைகள் கேட்கப் போவதில்லை. கம்பி மத்தாப்பு விழுந்த இடமெல்லாம் கறுத்துச் சுருண்டுவிடும். அதனால் மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போடாமல், முதுகில் அம்புக்குறியோடு பரணில் வையுங்கள். வேறு ரோலில் வாங்கினால் அதே பச்சை கிடைக்காது. எங்கள் வீட்டில் போன தீபாவளிக்கு இரண்டு துண்டு செலவாயிற்று, பரணில் இன்னும் மூன்று இருக்கிறது.