வலைப்பந்தில் கோல் எறிதலைத் தடுப்பது எப்படி? புதிய டிஃபென்டர்களுக்கு

கோல் கீப்பராகவோ கோல் டிஃபென்ஸாகவோ (எதிரணி கோல் எறிவதைத் தடுக்கும் இரண்டு இடங்கள்) புதிதாக நிற்பவர்களில் பலர், கோல் எறியும் ஷூட்டர் கைக்குப் பந்து வந்ததும் பதறிப்போய்க் கிட்டே பாய்ந்து கையைத் தூக்குவார்கள். உடனே விசில். நானும் முதல் சில ஆட்டங்களில் இதையேதான் செய்தேன். நடுவரின் தீர்ப்புப்படி, ஷூட்டர் எறிந்து முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ஒரே ஒரு பதற்றத்தால், கோல் எறியும் வட்டத்துக்குள் என் தோழி தனி ஆளாகத் தடுக்கும்படி ஆனது. அதனால் முதல் பாடம் தூரம்தான்.

1. மூன்றடி பழகுங்கள்

ஷூட்டர் பந்தோடு ஊன்றிய காலுக்கும் உங்களுடைய கிட்ட இருக்கும் காலுக்கும் இடையே, தரையில் 0.9 மீட்டர், அதாவது சுமார் 3 அடி இருக்க வேண்டும். அளவு கால்களுக்குத்தான், கைக்கு அல்ல. அதற்குப் பிறகு ஷூட்டர் தானாக முன்னால் அடியெடுத்து வைத்தால் அது உங்கள் பிழை ஆகாது. தரையில் மூன்றடி இடைவெளியில் இரண்டு டேப் ஒட்டி, ஓடிவந்து பின் டேப்பில் நிற்கப் பழகுங்கள். கீழே பார்க்காமலே கால் சரியாக நிற்கும்வரை இதை விடாதீர்கள்.

2. சாய்ந்து நீட்டுங்கள்

இதுதான் கடினமானது, மெதுவாகக் கற்றுக்கொள்ளுங்கள். முழங்காலை லேசாக மடக்கி, உடல் எடையை ஒரு காலின் முன்பாதத்துக்குக் கொண்டு வாருங்கள். குதிகால் எழும்பட்டும். மறுகால் பின்னால் உயர்ந்து சமநிலை தரும். வயிற்றை இறுக்கிக்கொண்டு ஒரு கையை மட்டும் பந்தை நோக்கி நீட்டுங்கள். இரண்டு கையையும் நீட்டினால் எட்டும் தூரம் குறையும். ஷூட்டர் வலக்கைக்காரர் என்றால், எதிரே நிற்கும் உங்களுக்குப் பந்து இடப்பக்கம் இருக்கும். அப்போது இடக்கைதான் வசதி.

ஷூட்டருக்கு எறிய 3 விநாடிதான் நேரம். ஆகவே அதே 3 விநாடி அசையாமல் சாய்ந்து நிற்கும் பலம் வேண்டும். தினமும் வீட்டுச் சுவர் பக்கம் நின்று இரு காலிலும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். தடுமாறி முன்னால் விழுந்து எறிதலுக்கு இடைஞ்சல் ஆனால் மறுபடி விசில்தான்.

3. எப்போது குதிப்பது?

பந்தைப் பார்த்துக் குதித்தால் தாமதமாகிவிடும். ஷூட்டரின் முழங்காலைக் கவனியுங்கள்: மடங்கி நிமிரும் நொடியில் எழும்புங்கள். கையிலிருக்கும் பந்தைத் தட்டக் கூடாது. கையைவிட்டு மேலே போகும் பந்தைத் தட்டலாம். வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தொட்டால் தண்டனை. கம்பத்தை அசைத்து எறிதலைக் கெடுத்தாலும் அப்படியே.

4. தவறிய பந்து உங்களுடையது

பந்து கையைவிட்டதும் சட்டென்று திரும்பி, ஷூட்டருக்கும் கம்பத்துக்கும் நடுவில் இடம் பிடியுங்கள். இடுப்பைத் தாழ்த்தி அகலமாக நில்லுங்கள், தள்ள வேண்டாம். தவறும் பந்து பெரும்பாலும் எறிந்தவருக்கு எதிர்ப்புறம்தான் விழும். ஒருவர் சாயும்போது மற்றவர் அந்தப் பக்கத்தைக் காக்கட்டும். யார் சாய்வது, யார் காப்பது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எறிதலைத் தட்டுவது எப்போதாவதுதான் நடக்கும். தவறிய பந்தை எடுப்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் நடக்கும். என்னைக் கேட்டால், பயிற்சியில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம்.

அப்புறம், மிக உயரமான ஷூட்டர் வந்தால்? இலங்கையின் தர்ஜினி சிவலிங்கம் 2 மீட்டரைத் தாண்டிய உயரம். அப்படிப்பட்டவர் தலைக்குமேல் பந்தை வைத்துவிட்டால், எவ்வளவு சாய்ந்தாலும் கை எட்டாது. அங்கே அவருக்கு முன்னால் நின்று, வட்டத்துக்குள் பந்து வரும் வழியையே அடைக்கப் பாருங்கள். அவருக்குப் பந்து தரும் கைகள் மேல்தான் உங்கள் கண் இருக்க வேண்டும்.