தாடை வளரும் காலத்தைக் கழுத்தெலும்பில் கணிப்பது எப்படி

கீழ்த்தாடை உள்வாங்கிய பிள்ளைக்கு ட்வின் பிளாக் (கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவரும், கழற்றி மாட்டும் பல் கருவி) எப்போது கொடுப்பது என்பதைப் பிறந்த தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். வளர்ச்சி வேகம் சராசரியாகப் பெண்பிள்ளைகளுக்கு 12 வயதையும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதையும் ஒட்டி உச்சம் தொடும். ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள்ளேயே இரண்டு வருடம் முன்பின் இருக்கும். பிள்ளை வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கழுத்து முதுகெலும்புகளின் வடிவத்தில் தெரியும். அதற்குச் சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கும் லேட்டரல் செஃபலோகிராமே (தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே) போதும். இதற்கென்று கை எக்ஸ்ரே எடுப்பது பெரும்பாலும் வீண் கதிர்வீச்சு.

படம் எடுக்கும்போதே சி4-இன் (மேலிருந்து நான்காவது கழுத்து முதுகெலும்பு) கீழ் விளிம்புவரை தெரிகிறதா என்று பாருங்கள். கதிர்வீச்சைத் தடுக்கக் கழுத்தில் கட்டும் தைராய்டு காலர் அதைத்தான் முதலில் மறைக்கும். பிள்ளை தலையைக் குனிந்தாலோ அண்ணாந்தாலோ எலும்புகளின் சாய்வு மாறிக் கண்ணை ஏமாற்றும்.

எண்ணும்போது சி2-இலிருந்து தொடங்குங்கள். மேலே முளைபோல் நீட்டிக்கொண்டிருப்பதால் தப்பாது. சி2, சி3, சி4 மூன்றின் கீழ் விளிம்பிலும் முன்முனையிலிருந்து பின்முனைக்குப் பென்சிலால் ஒரு நேர்கோடு. கோட்டுக்கு மேலே எலும்பு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குழிந்திருந்தால்தான் குழிவு என்று கணக்கு. லேசான வளைவைக் குழிவென்று எண்ணினால் ஒரு நிலை தாண்டிப் போய்விடும்.

வளர்ச்சியைச் சிஎஸ்1 முதல் சிஎஸ்6 வரை ஆறு நிலைகளாகப் பிரிப்பார்கள். மூன்றும் தட்டையாக இருந்தால் சிஎஸ்1, உச்சத்துக்கு இன்னும் சுமார் இரண்டு வருடம். சி2-இல் மட்டும் குழிவு என்றால் சிஎஸ்2, சுமார் ஒரு வருடம். சி2, சி3 இரண்டிலும் குழிவு வந்து சி4 தட்டையாக இருந்தால் சிஎஸ்3: அடுத்த ஒரு வருடத்துக்குள் உச்சம். ட்வின் பிளாக்குக்கு இதுதான் வேளை. சி4-இலும் குழிவு விழுந்து, சி3, சி4 இரண்டும் படுத்த செவ்வகமாக இருந்தால் சிஎஸ்4, உச்சம் கடந்துவிட்டது. அதன்பின் வடிவத்தைப் பாருங்கள்: இரண்டில் ஒன்றாவது சதுரமானால் சிஎஸ்5, உயரம் அகலத்தை மிஞ்சினால் சிஎஸ்6.

பெரும்பாலோர் தடுமாறுவது சிஎஸ்3-க்கும் சிஎஸ்4-க்கும் நடுவில்தான். முடிவை மாற்றுவதும் சி4-இன் அந்த ஒரே கீழ் விளிம்புதான். சந்தேகம் வந்தால் பிள்ளையின் வயதை மறைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே படத்தை மறுபடி படியுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை உயரம் அளந்து எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது: வளர்ச்சி திடீரென்று வேகம் எடுப்பது அதில் பளிச்சென்று தெரியும். பெண்பிள்ளை என்றால் வயதுக்கு வந்துவிட்டாளா, எந்த மாதம் என்று அம்மாவிடம் கேளுங்கள். வந்துவிட்டால் பொதுவாக உச்சம் கடந்துவிட்டது என்று பொருள். படத்தில் சிஎஸ்2 என்று நீங்கள் படித்திருந்தால் படத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

மேல்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு சிஎஸ்3 வரை காத்திருப்பது தவறு. ஃபேஸ்மாஸ்க் (மேல்தாடையை முன்னுக்கு இழுக்க முகத்தில் மாட்டும் கருவி) சிஎஸ்1-இலேயே நன்றாக வேலை செய்யும். அண்ணத்தை விரிக்கும் கருவியையும் உச்சத்துக்கு முன்பே போட வேண்டும்.

கீழ்த்தாடை முன்னோக்கி நீண்ட பிள்ளைக்கு சிஎஸ்6 வந்துவிட்டதென்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிடாதீர்கள். இவர்களுக்குத் தாடை அதன்பிறகும் வளரலாம். ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு செஃபலோகிராம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மாற்றமில்லை என்று தெரிந்தபின் குறியுங்கள்.