யாருக்கு முதலில் சொல்வது? இணைய நண்பர்களிடம் நல்லது கெட்டதைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மா இறந்த செய்தியைப் பிரான்சில் இருக்கும் என் அக்காவுக்கு முதலில் சொன்னது நான் அல்ல. அக்கா நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு தோழி சொன்னார். அது ஜனவரி மாதம். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அதிகாலை இரண்டரை மணிக்கு அம்மாவின் மூச்சு நின்றது. ஆம்புலன்சுக்காக வாசலில் காத்திருந்தபோது, மணி மூன்றைத் தாண்டியிருந்த நேரத்தில், எங்கள் மாடித்தோட்டக் குழுவில் ஒரு வரி எழுதினேன். ஆறு ஆண்டுகளாக விதையோடு வீட்டுக் கதையையும் சேர்த்தே பரிமாறிக்கொண்ட நாற்பது பேர் அதில் இருக்கிறார்கள்; அந்த வேளையில் என் கை தானாக அங்கேதான் போயிற்று. அக்கா தூங்கட்டும், விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். குளிர்காலத்தில் பிரான்ஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே அப்போது இரவு பத்தே முக்கால்தான், அவள் விழித்துத்தான் இருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பால்கனியில் கறிவேப்பிலை வளர்ப்பதற்காக அக்காவும் குழுவில் இருந்த அந்தத் தோழியிடம் யோசனை கேட்டுப் பழகியவள். ஆகவே, அவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்ற எண்ணத்தில் அவர் "அம்மாவுக்காக ரொம்ப வருத்தமா இருக்கு அக்கா" என்று நல்ல மனத்தோடு எழுதிவிட்டார். அக்கா என்னை அழைத்தபோது என் போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடந்தது.

பிறகு அவள் சொன்னாள்: "நீ சொல்லியிருந்தா அப்பவே அழுதிருப்பேன். நெஜமா இல்லையான்னு தெரியாம அம்பது நிமிஷம் போனையே பாத்துகிட்டு உக்காந்திருந்தேன்டி."

இணைய நண்பர்களிடம் துக்கத்தைச் சொன்னதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பதினாறாம் நாள் காரியத்துக்கு நெல்லிக்குப்பத்திலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும், அதுவரை நான் குரலை மட்டுமே கேட்டிருந்த மூன்று பேர் பேருந்து பிடித்து வந்தார்கள். எப்போதோ அம்மா காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்பிய விதையில் முளைத்த டிசம்பர்ப் பூச்செடியை, ஊதாப் பூவோடு, ஒருவர் தொட்டியில் கொண்டுவந்தார். அப்படிப்பட்டவர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நான் தவறியது வரிசையில். அதன்பின் குழுவில் நடப்பதைக் கவனித்துப் பார்த்ததில், சுகதுக்கம் பகிரும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வரிசைத் தவறின் வேறுவேறு வடிவங்கள்தான் என்று எனக்குப் படுகிறது.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். சாவு சொல்ல ஆள் அனுப்பும்போது தாய்மாமன் வீட்டுக்கு யார் போவது, சம்பந்தி வீட்டுக்கு யார் போவது, பங்காளிகளில் யாருக்கு முதலில் சொல்வது என்று பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். முறையாகச் சொல்லாமல் விட்டுப்போன வீட்டுக்காரர் காலத்துக்கும் அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்வார். வீம்புக்காக அப்படிச் செய்வதாகச் சிறுவயதில் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இறந்தவரோடு தனக்கு இருந்த உறவுக்கு அந்த ஆளும் அந்த வார்த்தையும்தான் சாட்சி. புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. 1962இல் இந்தப் பகுதி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. அண்ணனோ அத்தையோ கடல் கடந்து இருக்கும் வீடுகள் இல்லாத தெரு குறைவு. அவர்களால் உடனே ஓடிவர முடியாது. வர முடியாதவர்களுக்கு, முறையாகச் சொல்லப்பட்டோம் என்பது ஒன்றே மிஞ்சும்.

ஆகவே இறப்புச் செய்தியைக் குழுவிலோ ஸ்டேட்டஸிலோ போடும் முன், குரலில் கேட்க வேண்டியவர்கள் என்று ஐந்தாறு பெயரை ஒரு தாளில் எழுதி, அவர்களை அழைக்கும் பொறுப்பை ஒருவரிடமாவது கொடுத்துவிடுங்கள். அதற்குள் மனம் தாங்காமல் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், குழுவில் ஒரே ஒருவரைத் தனியாக அழைத்துப் பேசி, இன்னும் வீட்டாருக்குச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போட்ட செய்தியை எல்லோருக்கும் அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை இருப்பது உண்மைதான். ஆனால் ஒருவர் பூட்டிய திரையிலேயே படித்துவிட்ட வரியை எந்த வசதியாலும் திரும்பப் பெற முடியாது.

அடுத்த தவறு, நமக்குச் சொந்தமில்லாத செய்தியை நம்முடையதுபோல் எடுத்துச் சொல்வது. தங்கை கருவுற்றிருப்பதும், நாத்தனாரின் வேலை போனதும், தம்பியின் வரன் தட்டிப்போனதும் நம்மைத் தொடும் செய்திகளாக இருக்கலாம், ஆயினும் சொல்லும் உரிமை அவர்களுடையது. பிள்ளைகள் விஷயத்தில் நாம் இதை முற்றிலும் மறந்துவிடுகிறோம். மஞ்சள் நீராட்டு விழாவில் மாலையும் நகையுமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தை, அவளிடம் ஒரு சொல் கேட்காமல், பெயரோடும் பள்ளிச் சீருடைப் படத்தோடும் சேர்த்து, முன்பின் அறியாத பலர் இருக்கும் குழுவில் போடுகிறோம். பள்ளியில் மறுநாள் அவள் யார் முகத்தையெல்லாம் பார்க்க வேண்டியிருக்கும் என்று அந்த நேரத்தில் நாம் எண்ணுவதில்லை. பிளஸ் டூ முடிவு வந்த அன்று கடலூரில் இருக்கும் குழு நண்பர் ஒருவர், மகள் வாங்கிய மதிப்பெண்ணின் ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே போட்டார். அதில் பதிவெண்ணும் பிறந்த தேதியும் தெளிவாகத் தெரிந்தன. அந்த இரண்டும் கையில் இருந்தால் தமிழ்நாட்டுத் தேர்வுத் துறையின் தளத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெண்ணின் முடிவைத் திறக்கலாம். "மகள் பாஸ், மனசு நிறைஞ்சிருக்கு" என்ற ஒரு வரியே எங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

நல்ல செய்தியைச் சொல்வதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கண் பட்டுவிடும் என்று அஞ்சி நல்லதை மறைப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் மகிழ்ச்சியைச் சொல்லும் பழக்கம் ஒரு குழுவில் நின்றுபோனால் அது நோயும் இழப்பும் மட்டும் வந்து சேரும் இடமாகிவிடும். சொல்லத்தான் வேண்டும், யார் காதில் அது எப்படி விழும் என்று ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் இளம்பெண் ஒருத்தி, தான் கருவுற்றிருப்பதைப் பொதுவில் சொல்வதற்கு முதல் நாள், இரண்டு முறை கரு கலைந்த ஒரு தோழிக்குத் தனியாக எழுதியிருக்கிறாள்: "அக்கா, நாளைக்குக் குழுவில் சொல்லப் போறேன். நீங்க முன்னாடியே தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு. பதில் எழுத வேண்டாம்." அந்தத் தோழி மறுநாள் எல்லோருக்கும் முன்பாக வாழ்த்தினார். அந்த ஓர் இரவை அவருக்கு விட்டுக்கொடுத்ததை இன்றும் நன்றியோடு சொல்கிறார்.

விபத்து, திருட்டு, பண இழப்பு போன்றவற்றில் வரிசை தவறினால் மனவருத்தத்தோடு போகாது, கைப்பொருளும் போகும். ஓடிபி கேட்டு ஏமாற்றியவனிடம் பணத்தை இழந்த ஒருவர், முதலில் குழுவில் முழுக் கதையையும் எழுதி, வந்த ஆறுதலுக்கெல்லாம் பதில் எழுதி முடித்து, மறுநாள் காலைதான் வங்கிக்குப் போனார். அப்படிச் செய்யக் கூடாது. தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைத்துச் சொல்லி, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் இடையில் ஏதேனும் ஒரு கணக்கில் அதை முடக்கி வைக்க அப்போதுதான் வாய்ப்பு உண்டு. ஆறுதல் ஒரு மணி நேரம் கழித்தும் கிடைக்கும். அந்தக் குறையை எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் கைப்பேசி எண்ணோடு எழுதுவது அதைவிட ஆபத்தானது. வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசுவதாகச் சொல்லி அடுத்த ஏமாற்றுக்காரன் அந்த எண்ணுக்குத்தான் அழைப்பான். சாலை விபத்தில் 108ஐ அழைத்து, அடிபட்டவரின் வீட்டாருக்குச் சொல்லும் வரை படம் எடுப்பதும் அனுப்புவதும் கூடாது. கசங்கிய வண்டியின் எண் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை ஒரு மனைவிக்கு வரக் கூடாது.

ஊரே பாதிக்கப்படும் நாட்களில் எழுத்து இன்னும் கறாராக இருக்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது, ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் நீரில் நின்றன. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீரால் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கத்தை மூழ்கடித்தது. அன்று எங்கள் குழுவுக்கு வந்த செய்திகளில் பாதி "மாட்டிக்கிட்டோம், யாராவது உதவுங்க" என்பதாகவே இருந்தது. எந்தத் தெரு, எந்த மாடி, எத்தனை பேர், படுக்கையில் இருப்பவரோ கைக்குழந்தையோ உண்டா, எத்தனை மணிக்கு எழுதியது என்ற விவரம் இல்லாத வேண்டுகோளால், கேட்பவர் பதறுவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. இடையில் ஒருவர், பண்ருட்டிப் பக்கம் வேரோடு சாய்ந்த பலா மரங்களின் படத்தை அன்றைய படம் என்று அனுப்பினார். அது 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்த மரங்களின் படம். அங்கே தோப்பு வைத்திருந்த நண்பர் அதை நம்பி, மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்லவேளையாக வழியிலேயே திரும்பினார்.

ரத்தம் கேட்டு வரும் செய்திகளும் இந்த வகைதான். ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்து ஏராளமானோர் சிகிச்சைக்கு வருவதால் எங்கள் பக்கத்துக் குழுக்களில் ரத்த வேண்டுகோள் வாரந்தோறும் வரும். தேதி, ரத்த வகை, எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை, யாரை அழைப்பது ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். தேவை முடிந்ததும் முடிந்தது என்று அதே இடத்தில் எழுத வேண்டும். தேதி போடாமல் அனுப்பிய ஒரு வேண்டுகோள், நோயாளி இறந்து ஓராண்டுக்குப் பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. "ரத்தம் கிடைச்சிடுச்சா?" என்று முகம் தெரியாத நல்லவர்கள் அழைக்கும்போதெல்லாம், நோயாளியின் பிள்ளை அப்பாவின் மரணத்தை மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

கேட்பவர் பக்கத்துத் தவறுகளையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் தன் துக்கத்தைச் சொன்ன மறு நிமிடம் ரோஜாப்பூவோடு காலை வணக்கப் படம் வந்து விழுவது அநேகமாக அறியாமல் நடப்பது. அனுப்பும் முன் மேலே இரண்டு செய்தியைப் படித்தால் போதும். பொதுவில் "எப்படி ஆச்சு? என்ன வியாதி?" என்று விசாரிப்பது, கட்டைவிரல் சின்னத்தோடு நிறுத்திக்கொள்வது, "எங்க மாமனாருக்கு இதைவிட மோசம்" என்று தன் கதைக்குத் தாவுவது ஆகியவை கவனக்குறைவால் வருபவை, என்றாலும் சொன்னவர் மனத்தில் தங்கிவிடுகின்றன. அம்மா போன வாரத்தில் எனக்கு வந்த நூற்றுக்கணக்கான இரங்கல்களில் ஒன்று மட்டும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது: "வியாழக்கிழமை உங்க செடிக்குத் தண்ணி ஊத்த நான் வரேன். சாவி யார்கிட்ட இருக்கு?"

"இனிமே முடியல", "யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்" என்பது போன்ற வரிகளைக் குழுவில் யாராவது எழுதினால், அதற்கு எழுத்தில் தேறுதல் சொல்லிவிட்டு நகர்வது மிகப் பெரிய தவறு. அழையுங்கள், பேசவிடுங்கள், அவர் அருகில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அவர்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் 112.

கடைசியாக ஒன்று. தொடக்கத்தைச் சொல்பவர்கள் பலர் முடிவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அறுவை சிகிச்சை, காணாமல்போன நாய், மகனின் நேர்காணல் என்று எல்லாவற்றுக்கும் வேண்டிக்கொள்ளச் சொல்கிறோம். பிறகு நமக்கு வேலை வந்துவிடுகிறது, அவர்கள் கேட்கவும் தயங்கிக் காத்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவருடைய நான்கு வயதுப் பையன் டெங்குக் காய்ச்சலோடு மருத்துவமனையில் இருந்தான். தட்டணுக்கள் குறைகின்றன என்ற செய்திக்குப் பிறகு எட்டு நாட்கள் அவரிடமிருந்து ஒன்றுமில்லை. யாரும் கேட்கவில்லை, எல்லோரும் தினமும் குழுவைத் திறந்து பார்த்தோம். ஒன்பதாம் நாள் இரவு எழுதினார்: "வீட்டுக்கு வந்துட்டோம். ஒன்றரை இட்லி சாப்பிட்டான். இப்ப தூங்குறான்."