அப்பாக்களே, பே ஸ்லிப்பைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால், ஒருநாள் உங்கள் பே ஸ்லிப்பை எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, பஞ்சப்படியும் சேர்த்து அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப் பிடிப்பது எதற்கு, கைக்கு வரும் தொகை ஏன் குறைகிறது என்று வரிவரியாகச் சொல்லுங்கள். அப்புறம், மேலதிகாரியோடு வந்த மனஸ்தாபத்தை எப்படிப் பேசித் தீர்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இதை எந்த வகுப்பிலும் நடத்துவதில்லை.

ஆனால் ரெஸ்யூமை நீங்கள் எழுதித் தராதீர்கள். இன்டர்வியூவுக்குக் கூடவே போய் வாசலில் நிற்பதும் வேண்டாம். எந்த பஸ் என்று விசாரிப்பதிலிருந்து ஹெச்ஆருக்கு போன் போடுவது வரை அவர்களே செய்யட்டும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் எந்தப் பயிற்சி எடுப்பது என்பதையும் அவர்களே பார்த்து முடிவெடுக்கட்டும், கேட்டால் மட்டும் உங்கள் கருத்தைச் சொன்னால் போதும்.