குளத்தை வீட்டு முத்தத்துக்கு கொண்டு வருவம்: பேர்த்டே விளையாட்டுகளை தீமுக்கு ஏத்த மாதிரி மாத்துறது எப்பிடி

அக்கான்ர மகளுக்கு போன மாசம் ஏழு வயசு. பேர்த்டேக்கு தீம் வேணும் எண்டு ஒரே பிடி. கடையில கேட்டா தீம் செட் எண்டு ஒண்டு தருவினம், பனர், பேப்பர் தட்டு, தொப்பி எல்லாத்திலயும் ஒரே கார்ட்டூன் படம் அடிச்சிருக்கும், அதை வாங்கி கட்டிப்போட்டு கீழ அதே பழைய சங்கீதக் கதிரையை நடத்தினா தீம் தன்ர பாட்டில சுவரில தொங்கும், பிள்ளையள் தங்கட பாட்டில கதிரையை சுத்தி ஓடுவினம். எனக்கு அது மனசுக்கு ஒத்து வரேல்ல. அதால குளம் எண்டு ஒரு தீம் எடுத்து, எல்லாருக்கும் தெரிஞ்ச விளையாட்டுகளையே அதுக்கேத்த மாதிரி மாத்தி வைச்சம். செலவும் பெரிசா வரேல்ல. முதல் தரம் செய்யிற ஆக்களுக்காக நாங்கள் செய்ததை ஒவ்வொண்டா எழுதுறன்.

முதல் வேலை: தீமை தெரிவு செய்யிறது

பிள்ளை நேர பாத்துப் பழகின ஒண்டை எடுங்கோ. வன்னிப் பிள்ளைக்கு குளத்தை பற்றி நாங்கள் புதுசா சொல்லிக் குடுக்க தேவையில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் எண்டு எந்தப் பக்கம் இருந்தாலும் கிட்டடியில ஒரு குளம் இருக்கும், மாரியில குளம் நிரம்பி தண்ணி வெளிய வான் பாயுது எண்டு கேள்விப்பட்டா வீட்டோட வெளிக்கிட்டு போய் பாக்கிற ஆக்கள்தானே நாங்கள்.

பிறகு ஒரு கொப்பித்தாளை எடுத்து நடுவால கோடு போடுங்கோ. இடப்பக்கம் குளத்தில என்னென்ன இருக்கு எண்டு எழுதுங்கோ, வலப்பக்கம் அது என்ன செய்யும் எண்டு எழுதுங்கோ. கொக்கு ஒரு காலில நிக்கும். தவளை பாயும். முதலை அசையாம கிடக்கும். யானை தும்பிக்கையால தண்ணி உறிஞ்சும். வாய்க்காலில தண்ணி ஓடும். விளையாட்டெல்லாம் அந்த வலப்பக்கத்தில இருந்துதான் வரும். நாங்கள் முதல்ல இளவரசி எண்டு எழுதிப் பாத்தம், வலப்பக்கம் "வடிவா உடுப்பு போடுவா" எண்டதோட நிண்டிட்டுது, அதோட அந்த தீமை விட்டிட்டம்.

ரெண்டாவது வேலை: விளையாட்டை கழட்டிப் பாக்கிறது

எந்த விளையாட்டை எடுத்தாலும் மூண்டு கேள்வி கேளுங்கோ. இதில பிள்ளை ஆர்? எதுக்காக ஓடுது? தோத்தா என்ன நடக்கும்? சங்கீதக் கதிரையில பத்து பிள்ளைக்கு ஒன்பது கதிரை, பாட்டு நிண்டவுடன இருக்க வேணும், கதிரை கிடைக்காத ஆள் வெளிய. பிள்ளை ஆருமில்லை, ஓடுறதுக்கு ஒரு காரணமும் இல்லை, தோத்தா ஓரமா போய் நிக்கோணும். முதல்ல வெளிய போறது எப்பவும் ஆகச் சின்ன ஆள்தான், அது பார்ட்டி முடியுமட்டும் அம்மான்ர சட்டையை பிடிச்சுக்கொண்டு நிக்கும், நீங்களும் கண்டிருப்பியள். மூண்டு கேள்விக்கும் குளத்தில இருந்து பதில் குடுத்துப் பாருங்கோ. பிள்ளை தவளை, கதிரை தாமரை இலை, தண்ணி வத்த வத்த இலை குறையுது. இலை குறைஞ்சா தவளையள் என்ன செய்யும், இருக்கிற இலையில நெருக்கி இருக்கும். ஒருத்தரையும் வெளிய அனுப்ப தேவையே இல்லை.

தாமரை இலையில தவளை

பாவிச்ச உரப்பையை வடிவா கழுவி வெயிலில காய வைச்சு, ரெண்டு அடி அகலத்துக்கு வட்டமா வெட்டுங்கோ, அசல் இலைதான். பிறிஸ்டல் போட் மட்டையில வெட்டாதேங்கோ, நான் முதல் அதிலதான் வெட்டினனான், முத்தத்து மண்ணில ரெண்டு பாய்ச்சலோட கிழிஞ்சு போச்சு. சீமெந்து நிலமெண்டா உரப்பையும் வழுக்கும், மண்ணிலயே விரியுங்கோ. பத்து பிள்ளைக்கு எட்டு சின்ன இலையும் நாலு அடி அகலத்தில ஒரு பெரிய இலையும் காணும்.

பாட்டு போடேக்க தவளை மாதிரி குந்தியிருந்து பாயோணும், நடக்க விடாதேங்கோ. பாட்டு நிண்டா எல்லாரும் இலையில. ஒவ்வொரு தரமும் ஒரு சின்ன இலையை எடுங்கோ. கடைசியா பெரிய இலை மட்டும் மிஞ்சும், பத்து பேரும் அதில நிக்கோணும், ஒருத்தற்ற காலும் மண்ணில படக்கூடாது. எங்கட வீட்டில அந்த இடத்திலதான் ஒரே சத்தம். பெரிய பெடியன் ஒருத்தன் குனிஞ்சு நாலு வயசு ஆளை முதுகில ஏத்தினான், மற்ற ரெண்டு பேர் ஆளையாள் இறுக்கி பிடிச்சுக்கொண்டு ஒரு காலை மட்டும் உள்ள வைச்சு நிண்டினம், நான் பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் விழேல்ல. பத்து வரைக்கும் நிண்டா எல்லாருக்கும் வெற்றி.

எத்தினை அடி தண்ணி?

இதுதான் எனக்கு ஆகப் பிடிச்சது. ஓநாயாரே மணி எத்தினை எண்டு கேட்டு கேட்டு கிட்ட போற விளையாட்டு தெரியும்தானே, அதை மணியோட விடாம எங்கட ஆக்கள் மாரி முழுக்க கேக்கிற கேள்விக்கு மாத்தினம். ஒருத்தர் முதலை, முதுகை காட்டிக்கொண்டு நிக்கோணும். மற்ற ஆக்கள் உங்கட காலால பத்து எட்டு எடுத்து வைக்கிற தூரம் தள்ளி ஒரு கோட்டில நிக்கோணும், அந்தக் கோடுதான் குளக்கட்டு. எல்லாரும் சேந்து "முதலையாரே முதலையாரே, எத்தினை அடி தண்ணி?" எண்டு கேக்கோணும். முதலை "அஞ்சு அடி" எண்டா அஞ்சு அடி வைக்கோணும், குதியும் பெருவிரலும் முட்ட முட்ட. முதலை "வான் பாயுது!" எண்டு கத்தினா திரும்பி ஓடி கட்டுக்கு வரோணும், பிடிபட்ட ஆள் முதலைக்குட்டியா மாறி முதலையோட நிக்கலாம்.

எட்டு வயசுக்கு மேல எண்டா இன்னொரு விதி சேருங்கோ. இரணைமடு நிரம்பினா 36 அடி. முதலை சொல்லுற கணக்கை எல்லாம் பிள்ளையள் மனசுக்க கூட்டிக்கொண்டு வரோணும், கூட்டுத்தொகை 36 ஐ தொட்டாலோ தாண்டினாலோ முதலை கட்டாயம் வான் பாய வைக்கோணும். இருபத்தெட்டு, முப்பத்தொண்டு எண்டு வரேக்க பிள்ளையளின்ர முகத்தை பாருங்கோ, அடி வைக்க கால் வராது. லண்டனில இருந்து வந்து நிண்ட மச்சாளின்ர மகனுக்கு வான் பாயிறது எண்டா என்னெண்டு விளங்கேல்ல, எங்கட பிள்ளையள் நாலஞ்சு பேர் ஒரேயடியா கையால அலை காட்டி, கதவு திறக்கிறதை காட்டி, தண்ணி விழுற சத்தத்தையும் போட்டு விளங்கப்படுத்தினவை. அடுத்த நாள் அவனை கூட்டிக்கொண்டு போய் குளத்தை காட்டினம்.

கடைசிக் காணிக்கும் தண்ணி

தேசிக்காயும் கரண்டியும் ஓட்டத்தை இப்பிடி மாத்தலாம். கரண்டிக்கு பதிலா சிரட்டை, தேசிக்காய்க்கு பதிலா தண்ணி. ரெண்டு ரீம் பிரியுங்கோ, பேர் கனகராயன் ஆறு, பேராறு, முதலாவதால இரணைமடு நிரம்புது, மற்றதால முத்தையன்கட்டு. ஒவ்வொரு ரீமுக்கும் ஒரு வாளி, அதுதான் குளம். வாளியில இருந்து நேர் கோட்டில அஞ்சு எட்டுக்கு ஒண்டா மூண்டு வெறும் தண்ணிப் போத்தலை வையுங்கோ, வாயை கொஞ்சம் அகலமா வெட்டி விடுங்கோ. ஒவ்வொரு ஆளா சிரட்டையில அள்ளிக்கொண்டு ஓடி விரும்பின போத்தலுக்க ஊத்தோணும், அஞ்சு நிமிசம்.

வெற்றியை ஆகக் கூட தண்ணி இருக்கிற போத்தலை வைச்சு சொல்லாதேங்கோ, ரெண்டு ரீமிலயும் ஆகக் குறைய இருக்கிற போத்தலை பக்கத்தில வைச்சு பாருங்கோ, அதில ஆருக்கு கூட இருக்கோ அவைதான் வெண்டவை. மழை குறைஞ்ச சிறுபோக வெள்ளாமையில குளத்தண்ணியை கூட்டம் வைச்சு பிரிக்கிறதும், வாய்க்காலின்ர கடைசியில காணி இருக்கிற ஆக்கள் தண்ணி வந்து சேருமட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறதும் எங்கட வீடுகளில தெரிஞ்ச கதை. முதல் தரம் எல்லாரும் கிட்ட இருக்கிற போத்தலையே நிரப்புவினம், விடுங்கோ, ஒண்டும் சொல்லாதேங்கோ. ரெண்டாம் தரம் பாருங்கோ, தாங்களாவே ஆள் பிரிச்சு, கெதியா ஓடுற ஆளை கடைசிப் போத்தலுக்கு விடுவினம்.

கண்ணை கட்டிக்கொண்டு யானைப் படத்துக்கு கண் வைக்கிற விளையாட்டை பெரிசா மாத்த வேண்டியதில்லை, யானை ஏற்கனவே எங்கட குளத்துக்கு வாற ஆள்தான். கண்ணுக்கு பதிலா தும்பிக்கையை வெட்டி எடுத்து, கண்ணை கட்டிக்கொண்டு போய் அதை ஒட்ட விடுங்கோ, தும்பிக்கை நுனி படத்தில இருக்கிற தண்ணியில தொடோணும். மற்ற பிள்ளையள் இடம் வலம் சொல்லலாம்.

பார்சல் கைமாத்துற விளையாட்டுக்கு பழைய பேப்பரை பத்து சுத்து சுத்துங்கோ, ஒவ்வொரு சுத்துக்குள்ளயும் ஒரு துண்டு: கொக்கு மாதிரி ஒரு காலில இருபது எண்ணு, மீன் மாதிரி வாயை ஆட்டு, எருமை மாதிரி சேத்தில படு. நடுவில எல்லாருக்கும் பங்கிடக்கூடிய ஏதும் வையுங்கோ.

எங்கட பக்கத்துக்கு எண்டு ரெண்டு கவனம்

ஒண்டு, பலூன். பலூனை இருந்து உடைக்கிற விளையாட்டை நாங்கள் வைக்கிறேல்ல. முந்தி ஒருக்கா வைச்சம், முதலாவது பலூன் வெடிச்ச உடன திண்ணையில இருந்த அம்மம்மா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிஞ்சு சுவரோட ஒட்டிட்டா. எழும்பி வர கன நேரம் எடுத்தது, கை நடுங்கினபடி தேத்தண்ணி கோப்பையை பிடிக்கேலாம இருந்தவ. 2009 இல சண்டை முடிஞ்ச பிறகு பிறந்த பிள்ளையளுக்கு அது வெறும் பலூன், திண்ணையில இருக்கிற ஆக்களுக்கு அப்பிடி இல்லை. இந்த முறை பலூனுக்கு பதிலா சவர்க்கார நுரை ஊதி விட்டம், மீன் விடுற குமிழி எண்டு சொல்லி பிள்ளையள் கையால தட்டி உடைச்சினம், அம்மம்மாவும் திண்ணையில இருந்து ஊதினவ.

மற்றது புதையல் தேடுறது. பத்தைக்குள்ள கிடக்கிற தெரியாத சாமானை தொடாத, சண்டைக்காலத்து வெடிபொருளா இருக்கும் எண்டு எங்கட பிள்ளையளுக்கு பள்ளிக்கூடத்திலயும் வீட்டிலயும் சொல்லிச் சொல்லி வளக்கிறம், பிறகு பார்ட்டியில "போய் தேடு, என்ன கிடைச்சாலும் எடுத்துக்கொண்டு வா" எண்டு விடலாமோ? அதால அந்த விளையாட்டை இப்பிடி வையுங்கோ: வெள்ளைத் துணியில முடிச்சு போட்டு இருபது கொக்குக் குஞ்சு செய்து, தொடங்க முதலே எல்லாருக்கும் கையில குடுத்து காட்டுங்கோ. இது மட்டும்தான் எடுக்கிறது, வேற எது கிடந்தாலும் பெரியாக்களை கூப்பிடுறது. ஒண்டையும் மண்ணுக்க புதைக்காதேங்கோ, கல்லுக்கடியில வைக்காதேங்கோ. பிள்ளையின்ர கண் உயரத்தில, மாங்கொப்பில, வேலிக் கம்பில, கொடிக் கயித்தில. வேலிக்கு வெளிய போகவே கூடாது. குஞ்சை கொண்டு வந்து கூட்டில விடுறதுதான் விளையாட்டு, கூட்டுக்கு ஒரு பனையோலைப் பெட்டி காணும்.

ஒழுங்கு

பின்னேரம் நாலு மணிக்கு பிறகு தொடங்குங்கோ, எங்கட வெயிலுக்கு அதுக்கு முதல் ஓட விடேலாது. தவளை, பிறகு பார்சல், பிறகு முதலை, பிறகு யானை எண்டு ஓடுறதையும் இருக்கிறதையும் மாறி மாறி வையுங்கோ. தண்ணி விளையாட்டை கடைசியா வையுங்கோ, எல்லாரும் நனைவினம், மாத்து உடுப்பு கொண்டு வரச்சொல்லி முதலே தாய்மாருக்கு சொல்லிப்போடுங்கோ. உடுப்பு மாத்தின பிறகு கேக். ஒண்டரை மணித்தியாலம் தாராளம்.

உங்கட பிள்ளைக்கு குளம் பிடிக்காட்டி ஏ9 றோட்டில ஓடுற பஸ்ஸை எடுத்துப் பாருங்கோ, அதே மூண்டு கேள்விதான். சங்கீதக் கதிரை பஸ் சீற்றாகும், சீற் குறைய குறைய மடியில இருத்திக்கொண்டு போகலாம். சிலை மாதிரி நிக்கிற விளையாட்டு பிறேக் பிடிக்கிறதாகும். வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் எண்டு கொண்டக்டர் சொல்லிக்கொண்டு வர பார்சல் கைமாறி கைமாறி வரோணும், பிள்ளையார் கோயில் இருக்கிற முறிகண்டி எண்டு சொன்ன உடன பஸ் நிக்கோணும், பார்சல் ஆற்ற கையில இருக்கோ அவர் இறங்கி பிள்ளையாரை கும்பிட்டிட்டு வந்து பார்சலை பிரிச்சு எல்லாருக்கும் கச்சான் கடலை குடுக்கோணும். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஆரும் இருக்கோ எண்டு மட்டும் முதலே கேட்டு வையுங்கோ.